வெள்ளிக்கிழமை மதியம் நிற்கிற எண்

"எறக்குற வேகம் எனக்கெதுக்குண்ணே? ஏத்துற வேகத்தைச் சொல்லுங்க."

கேபிள்காரர் ஒச்சப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போடியில சினிமா பாக்காம நெட்டு வாங்குற மொத ஆளு நீதான் தங்கச்சி."

பர்சானா வீட்டில் சின்னதாக ஒரு சர்வர் ஓடுகிறது. போடிமெட்டுப் பக்கம் ஏலக்காய் உலர்த்தும் அறைகளில் அவள் மாட்டும் கருவி, சூட்டை அளந்து இந்த சர்வருக்கு அனுப்பும். தோட்டக்காரர்கள் எங்கிருந்தாலும் போனில் பார்க்கலாம். அவர்கள் வந்து சேர, இணைப்புக்கு மாறாத முகவரி ஒன்று வேண்டும். பெரிய கம்பெனியில் கேட்டால், ஆபீசுகளுக்கான விலை சொன்னார்கள். அவள் சம்பாத்தியம் அதற்கே சரியாகிவிடும். ஒச்சப்பன்தான் தேனித் தலைமை ஆபீசுக்குப் போன்மேல் போன் போட்டு, வீட்டுக் கட்டணத்திலேயே கொஞ்சம் கூட்டி வாங்கித் தந்தார்.

முதல் வாடிக்கை கிருபாராணி. ஒழுங்காக ஓடினால் பக்கத்துத் தோட்டங்களையும் தானே கூட்டிவருவதாகச் சொல்லியிருந்தாள். ஓடியது. வெள்ளிக்கிழமை மதியம் நின்றது. அடுத்த வெள்ளியும் நின்றது.

"எண்ணு அப்படியே நிக்குதே பர்சானா! உள்ள சூடு கூடுனா காயோட பச்சை போயிரும். ஏலத்துல எவன் தொட்டுப் பாப்பான்? இன்னொரு தரம் நின்னுச்சு, கருவியக் கழட்டிட்டு ஆளையே காவலுக்கு வச்சுக்கிருவேன்."

"சர்வர் இன்வெர்ட்டர்லதான் ஓடுது, அதுல லைட்டெல்லாம் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்குக்கா..."

மூன்றாவது வெள்ளி. ஒச்சப்பனும் அவளும் வீட்டிலிருந்து வயரைப் பிடித்தபடியே தெருவில் நடந்தார்கள். அது மூசாவின் ஜவுளிக்கடைக்குள் போனது. தெருவுக்கே நெட்டு தரும் பெட்டி அந்தக் கடைச் சுவரில், கடைக் கரண்டில். ஜும்மாவுக்குக் கிளம்பிய மூசா, தொப்பியைச் சரிசெய்துகொண்டு மெயின் சுவிட்சில் கை வைத்தார்.

"மாமா! அணைச்சுராதீங்க!"

மூசா துள்ளிவிட்டார். "என்னம்மா, ஷாக்கா?"

பர்சானா மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள்.

"பூரா துணிம்மா, ஒரு பொறி போதும். மெயின அணைக்காமப் பூட்டிட்டுப் போனா, தொழுகையில மனசு நிக்காது." நெற்றியைத் தடவினார். "பூட்டுனாத்தானே அணைக்கணும்? பூட்டல. ரெண்டு பேரும் கடையப் பாத்துக்கங்க." கல்லாச் சாவியை அவள் கையில் வைத்துவிட்டு வேகமாக நடந்தார்.

"என்னைய நம்பியா?" என்றார் ஒச்சப்பன்.

"உன்னைய யாருப்பா நம்புனா? பர்சானா இருக்கு," என்று தெருவிலிருந்தே திரும்பிச் சொன்னார் மூசா.

போனில் எண் ஓடிக்கொண்டே இருந்தது. பர்சானா கண்ணை எடுக்கவில்லை. மலைக்குப் போகும் ஒருவர் கம்பளி கேட்டு வந்தார்; ஒச்சப்பன் கடையையே பிரித்துப் போட்டுக் காட்டினார். அவர் ஒன்றும் எடுக்காமல் ஜீப்பு ஏறிவிட்டார்.

மூசா திரும்பியபோது தரையெல்லாம் கம்பளி.

"எண்ணு நின்னுச்சா?"

"நிக்கல மாமா."

"அப்பச் சரி. மடிங்க."

மாலையில் கிருபாராணி கூப்பிட்டாள். "காய் எடுத்தாச்சு. அப்படியே பச்சை! பக்கத்துத் தோட்டத்து மாசானம் அண்ணன் இங்கதான் நிக்காரு, பேசு."

அடுத்த ஈடு காய் உள்ளே போவதற்குள், ஒச்சப்பன் பெட்டியைக் கழற்றிப் பர்சானா வீட்டுச் சுவரில், இன்வெர்ட்டர் லைனில் மாட்டினார். மூசாதான் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க ரெண்டு பேருக்கும் நான் என்ன செய்யப்போறேன்னு தெரியல மாமா."

"இனிமே கரண்டு போனாலும் தெருவுக்கே நெட்டு இருக்கும்ல? எங்க வீட்டுல இன்னைக்கே சொல்லிர்றேன்," என்றார் மூசா. "டீ இருந்தாக் கொண்டாம்மா. ஒச்சப்பா, நீ மெதுவா எறங்கு."