நூற்றுப் பன்னிரண்டு அடி

கண்களை மூடியிருக்கிறேன், மின்விசிறி சுற்றுகிறது, இமைக்குள் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவர் வெள்ளையாக நீள்கிறது, இந்தப் பக்கம் என் அப்பாவும் எங்கள் சாதியாரும், அந்தப் பக்கம் தலித் கிறிஸ்தவர்கள், செத்தும் கலக்காதவர்கள், ஜெசிந்தா டேப்பை இழுத்துப் பிடித்து நூற்றுப் பன்னிரண்டு அடி சார் என்கிறாள், அவள் அளந்தபோது நான் அங்கே இல்லை, அந்தச் சுவரைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையில் படித்ததுதான், ஆனாலும் குரல் கேட்கிறது. கல்லூரியில் நான் தலைவராக இருந்த வரலாற்றுத் துறையில் விரிவுரையாளராகச் சேர்ந்தவள், தகுதிகாண் காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது அந்தக் கட்டுரை வெளிவந்தது, கல்லூரியும் தோட்டமும் ஒரே மறைமாவட்டத்துக்குச் சொந்தம். நிரந்தரமாகுற வரைக்கும் வாயை மூடிட்டு இரும்மா, அப்புறம் முப்பது வருஷம் பேசலாம் என்றேன், நீங்க நிரந்தரமாகி இருபத்தாறு வருஷம் ஆச்சே, எப்ப சார் பேசப் போறீங்க என்று சிரித்தாள், நானும் சிரித்தேன், டீ ஆறிப்போயிருந்தது. கல்லூரிச் செயலர் ஃபாதர் இஞ்ஞாசி எங்கள் இருவரையும் அழைத்தார், ஒரு அடி தப்பா இருந்தாலும் திருத்திடுறேன் ஃபாதர் என்றாள், அளவு சரிதாம்மா, உன் பேருக்குக் கீழே நம்ம காலேஜ் பேர் எதுக்கு, கட்டுரையத் திரும்ப வாங்கிக்கோ, கோபமே இல்லாமல் பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார், மாட்டேன் ஃபாதர் என்றாள், ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள்.

நானும் உறுப்பினராயிருந்த கல்லூரி நிர்வாகக் குழுவில் வாக்கெடுப்பு கிடையாது, கடைசியில் மௌன ஜெபம், அதன் நடுவே செயலர் முடிவைச் சொல்லி ஆட்சேபணை உண்டா என்பார், ஜெபத்தை யாரும் கலைப்பதில்லை, ஆமென் சொன்னால் ஏகமனது. ஜெசிந்தாவை நிரந்தரமாக்க வேண்டாம், ஆட்சேபணை உண்டா, எனக்கு இருந்தது, கண்ணை மூடியிருந்தேன், ஆமென். போகும்போது டேப்பை என் மேசையில் வைத்தாள், டிபார்ட்மெண்டோடது சார் என்றாள். இது எந்த அறை, எந்த வருடம், ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது, இது எங்கள் கோயிலின் பங்குப் பேரவை, மழையில் கல்லறைச் சுவரின் நடுவே ஒரு பகுதி விழுந்துவிட்டது, பழையபடி கட்டிவிடலாம், ஆட்சேபணை உண்டா என்கிறார் பங்குத்தந்தை, இங்கும் அதே மௌன ஜெபம், அதே மின்விசிறி, கண்களைத் திறக்கிறேன், சுற்றிலும் மூடிய கண்கள், இருக்கு ஃபாதர் என்கிறது ஒரு குரல், கரகரப்பான கிழக்குரல், என்னுடையது, யாரும் கண் திறக்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே விழுந்த இடத்தின் வழியே அந்தப் பக்கத்துச் சிலுவைகள் தெரிகின்றன, அந்த இடைவெளியைக் கண்ணாலேயே அளக்கிறேன், பதினெட்டு அடி இருக்கும்.