இருநூறாவது படிவம்

இளைஞர்கள் ஏன் நம்பிக்கை இழக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் வேலையில் அவன் நான்கு வருடமாகத் தற்காலிகமாக இருந்தான். அலுவலகத்தில் அவனுக்கு ‘சீனியர்’ என்று பெயர். அவனுக்குப் பின்னால் சேர்ந்து, அவனுக்கு முன்னால் நிரந்தரமானவர்கள் வைத்த பெயர்.

வேலை கடினமானதல்ல. பட்டியலில் உள்ள வீட்டுக்குப் போய், பதினெட்டுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட ஒருவரைப் பிடிக்க வேண்டும். கையில் கொடுத்தனுப்பும் டேப்லெட்டில், அதாவது டேபில், இருக்கும் இருபத்திரண்டு கேள்விகளையும் சத்தமாக வாசிக்க வேண்டும். டேப் குரலைப் பதிவு செய்துகொள்ளும். பதில் ஓர் எண். ஒன்று என்றால் சுத்தமாக நம்பிக்கை இல்லை, ஐந்து என்றால் முழு நம்பிக்கை. ‘தெரியவில்லை’ என்றும் ஒரு பதில் முதலில் இருந்தது. முக்கால்வாசிப் பேர் அதையே சொன்னதால் எடுத்துவிட்டார்கள்.

எல்லா மாதிரியும் பார்த்திருந்தான். பொட்டலம் கொண்டுபோகும் முதுகலைப் பட்டதாரி ஒருவன் வண்டியை நிறுத்தாமல், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி இருபத்திரண்டுக்கும் பதில் சொன்னான். ஒரு பெண் கதவுச் சங்கிலியை எடுக்காமலேயே, ஒற்றைக் கண் தெரிய, ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் இரண்டு என்றாள். அம்மாக்கள்தான் பெரிய தொல்லை. “அவனுக்கு நம்பிக்கை நிறைய இருக்குப்பா, அஞ்சு போட்டுக்கோ” என்பார்கள். பின்னால் நிற்கும் மகன் வேண்டாம் என்று தலையை ஆட்டுவான். அம்மாவைப் பக்குவமாக உள்ளே அனுப்பிவிட்டு மகனிடம் முதலிலிருந்து கேட்பதற்கு அரை மணி நேரம் ஆகும். உடன் வேலை பார்க்கும் ‘ராக்கெட்’ இந்த வம்பே வைத்துக்கொள்வதில்லை. டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு நண்பர்களைப் பேசவைத்து ஒரு நாளைக்கு இருபது படிவம் முடிப்பான்.

இந்த முறை ஓர் அறிவிப்பு வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் இருநூறு படிவம் முடித்து, ஒன்றுகூடச் சிவப்புக் குறி வாங்காதவர்களுக்கு நிரந்தரப் பணி ஆணை. போலி என்று மென்பொருள் சந்தேகப்படும் படிவத்துக்குத்தான் சிவப்பு விழும்.

அவனுக்கு அந்த ஆணை வேண்டியிருந்தது, ஒரு வீட்டுக்காக. அக்கா வீட்டுக் கூடத்தில், சோஃபாவில் படுத்துக்கொண்டிருந்தான். காலை ஆறு மணிக்கு அக்காள் கணவர் செய்தி பார்க்க அதே சோஃபாவுக்கு வருவார். நல்ல மனிதர், எழுப்ப மாட்டார். ஓரமாக உட்கார்ந்து, இவன் காலைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு செய்தி பார்ப்பார். அதுதான் தாங்க முடியவில்லை. இரண்டு தெரு தள்ளி மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. நிரந்தர வேலைக் கடிதம் இல்லாதவர்களுக்கு வீடு தருவதில்லை என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒன்றாம் தேதிவரை வேறு யாருக்கும் தராமல் வைத்திருப்பதாக மட்டும் வாக்குக் கொடுத்திருந்தார்.

நூற்றுத்தொண்ணூற்றொன்பது படிவம் முடிந்தது. இருநூறாவது, அக்கா தெருவிலேயே ஒரு வீடு. மூன்று நாள் மூன்று முறை போனான், பூட்டியிருந்தது. அப்படியானால் வலது பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. வலது பக்கத்து வீடு அக்கா வீடு. அங்கே முப்பது வயதுக்குள் இருந்தது அவன் ஒருவன்தான்.

கையேட்டை இரண்டு தடவை புரட்டினான். பணியாளரின் சொந்த வீடு கூடாது என்று எங்கும் இல்லை. ராக்கெட்டாக இருந்தால் சிரித்துவிட்டு டீக்கடைக்குப் போயிருப்பான். இவன் சோஃபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, டேபை மடியில் வைத்து, தன்னைத் தானே பேட்டி எடுத்தான். “வணக்கம், உங்களுக்கு இருபது நிமிஷம் ஒதுக்க முடியுமா?” என்று கேட்டு, முடியும் என்றான். விதிப்படி ஒவ்வொரு கேள்வியையும் முழுசாக வாசித்தான்.

“யார்கூடடா பேசிட்டிருக்க?” என்று அக்கா சமையலறையிலிருந்து கேட்டாள்.

“வேலைக்கா.”

அன்று சாப்பாட்டு நேரத்தில் அக்காள் கணவர் அவனிடம் வழக்கத்தைவிட மென்மையாகப் பேசினார்.

மறுநாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டனுப்பினார். அவனைவிட மூன்று வயது பெரியவர். எல்லாருக்கும் மேடம். கண்ணாடித் தடுப்புப் போட்ட சின்ன அறையில் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, திரையை அவன் பக்கம் திருப்பினார். நூற்றுத்தொண்ணூற்றொன்பது பச்சை, ஒரு சிவப்பு. இருபத்திரண்டு கேள்விக்கும் ஒன்று என்றே பதில் இருந்ததால், ‘மனிதர் அளித்த பதிலாகத் தோன்றவில்லை’ என்று மென்பொருள் குறிப்பெழுதியிருந்தது.

மேடம் பதிவை ஓடவிட்டார். ஐந்து வருடத்தில் உங்கள் வாழ்க்கை இன்றைவிட நன்றாக இருக்கும் என்று நம்புகிறீர்களா என்று ஒரு குரல் கேட்டது. பதினோரு நொடி மௌனம். அதே குரல் ஒன்று என்றது. கேட்ட குரல், நன்றி சார் என்றது.

“சீனியர், இது நீங்கதானே?”

“ஆமா மேடம். வலது பக்கத்து வீடு.” விதியை எடுத்துச் சொன்னான். மேடம் கையேட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். பேட்டி செல்லும் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் சிவப்பு சிவப்புதான், அதை அழிக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. பதிலளித்தவரை ஒரே ஒரு முறை மறுபேட்டி எடுக்கலாம், அவ்வளவுதான். ராக்கெட்டின் இருநூறும் நேற்றே பச்சையாகிவிட்டதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார்.

“அவரைத் திரும்பக் கேட்டுப் பாருங்க. கொஞ்சம் நிதானமா யோசிச்சுச் சொல்லச் சொல்லுங்க.”

“அவர் நிதானமா யோசிச்சுத்தான் மேடம் சொன்னாரு.”

“எதுக்கும் கேளுங்க.”

அங்கேயே உட்கார்ந்து ஆரம்பித்தான். வணக்கம் சொன்னான். முதல் ஐந்து கேள்விக்கும் ஒன்று. ஆறாவது கேள்வி, உங்கள் உழைப்புக்கு உரிய பலன் கிடைக்கும் என்று நம்புகிறீர்களா? பதிவு ஓடிக்கொண்டிருந்ததால் மேடம் வாயைத் திறக்காமல் மூன்று விரலைக் காட்டினார். அவன் விரல்களைப் பார்த்தான். ஒன்று என்றான். மேடம் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். அடுத்தவர் பதிலைத் தொடாத ஒரே ஒரு பழக்கத்தைத்தான் நான்கு வருடத்தில் அவன் தனக்கென்று சம்பாதித்திருந்தான். சொந்தப் பதிலென்று வரும்போது அதை விட்டுவிடக் கை வரவில்லை. சோஃபா நினைவுக்கு வந்தது. மடிமேல் வைக்கப்பட்ட தன் கால்களும் நினைவுக்கு வந்தன. இருந்தும் பதினெட்டாவது கேள்விவரை ஒன்றுதான் வந்தது.

பத்தொன்பதாவது: நீங்கள் வேலை செய்யும் இடத்தில் உங்கள் நலனில் அக்கறை உள்ள ஒருவராவது இருப்பதாக நம்புகிறீர்களா?

மேடம் அவசரமாக ஒரு காகிதத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். காகிதம் தலைகீழாக இருந்தது.

“நாலு” என்றான்.

உண்மையாகச் சொன்னானா, மேடம் முகத்துக்காகச் சொன்னானா என்று அவனுக்கே பிடிபடவில்லை. மிச்சம் மூன்றுக்கும் ஒன்று சொல்லி, நன்றி சார் என்று முடித்தான். திரையில் சிவப்பு பச்சையானது. மென்பொருளுக்கு ஒரே ஒரு எண் மாறியிருந்தால் போதும், அது மனிதன்தான்.

“ஏன், அஞ்சு போடக் கூடாதா?” என்றார் மேடம்.

“பதில் சொல்றவரைத் தூண்டக் கூடாது மேடம்.”

ஒன்றாம் தேதி ஆணை வந்தது. அவனுக்கும் ராக்கெட்டுக்கும் ஒரே வாசகம். ‘திட்டம் முடியும் வரை தாங்கள் நிரந்தரமாகப் பணியமர்த்தப்படுகிறீர்கள்.’ அடியில், திட்டம் இன்னும் எட்டு மாதத்தில் முடிவதாகத் தேதியோடு போட்டிருந்தது. மேடத்திடம் கேட்கப் போனான். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து தன் ஆணையைக் காட்டினார். அதே தேதி.

சாயங்காலம் கடிதத்தோடு வீட்டுக்காரரிடம் போனான். தேதி இருக்கும் பகுதியை உள்பக்கம் மடித்து வைத்துக்கொண்டால் என்ன என்று படியேறும்போது தோன்றியது. மடிக்காமலேயே நீட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“எட்டு மாசத்துக்கு நிரந்தரமா?”

“ஆமாங்க.”

அவன் கடிதத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டிவிட்டான். அவர் கொடுக்கவில்லை. போன தடவை இருந்தவன் தேதியே போடாத நிரந்தரக் கடிதம் கொண்டுவந்தானாம். நான்காவது மாதம் கம்பெனியை மூடிவிட்டார்கள். அவனைக் காலி பண்ணச் சொல்ல மனசு வராமல் இவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. “உங்க கம்பெனி பரவாயில்ல தம்பி. எப்ப கைவிடுவோம்னு முன்கூட்டியே சொல்லிடுறாங்க” என்றவர், ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்துவரும்படி மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

எட்டு மாதம் என்று எழுதினார்கள். கடைசி நாள் என்ன கிழமை என்று இருவரும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் புரட்டிப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை.

“சாமான் ஏத்த வசதியான நாள்” என்றார் வீட்டுக்காரர்.

அவன் கையெழுத்துப் போட்டான்.