இல்வாரர்களுக்குச் சிறகு இருந்ததா?

இல்வாரர்கள் யார் என்ற கேள்விக்கு ஹரியிடம் நூற்றுப்பதினான்கு பக்க விடை இருந்தது. 'கிராவன்மூர்' என்றொரு ஆன்லைன் விளையாட்டு. அதில் ஆளில்லாமல் கிடக்கும் பழைய நகரத்தைக் கட்டிவிட்டுக் காணாமல் போனவர்கள்தான் இந்த இல்வாரர்கள். எங்கிருந்து வந்தார்கள் என்று விளையாட்டைச் செய்தவர்கள் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் சும்மா இருக்கிற ஆளா ஹரி?

அவன் மும்பை மாட்டுங்காக்காரன். வீடு நான்காவது மாடி, பிறந்ததிலிருந்து லிஃப்ட். அந்த நகரத்து வீடுகளில் உள்ளே படியே கிடையாது, வெளிச்சுவரில் செங்குத்தாக ஓர் ஏணியும் அதன் உச்சியில் நேரே ஒரு கதவும்தான் என்பதை அவன் கண்டுபிடித்தான். காலால் நடக்கிற எவனாலும் அதில் ஏற முடியாது. ஆகவே இல்வாரர்களுக்குச் சிறகு இருந்தது, அவர்கள் வானத்திலிருந்து வந்தவர்கள், ஏணி வெறும் அலங்காரம். இதுதான் அந்த நூற்றுப்பதினான்கு பக்கத்தின் சாரம்.

இதைக் கேட்கும்போதெல்லாம் இசக்கிசெல்விக்குப் பற்றிக்கொண்டு வரும். தாராவியில், பை தைக்கிற பட்டறைக்கு மேலே அவள் வீடு. செம்பூரில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு வேலை. போகும்போதும் வரும்போதும் அதே மாதிரி ஏணியில்தான் ஏறி இறங்குகிறாள், சிறகு எதுவும் இதுவரை முளைக்கவில்லை.

"வேல தேடி வந்த சனமா இருக்கும். எடம் பத்தல, வீட்டு மேல வீடு கட்டிட்டாவ. ஏணிய உள்ள வச்சா எங்க படுக்க?" என்று, ஹரி தலைவனாக இருக்கும் விளையாட்டு அரட்டைக் குழுவில் மூன்று முறை எழுதினாள். மூன்று முறையும் ஹரி, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சியைப் போட்டான். தலைவர் சிரித்தால் மற்ற பதினொரு பேரும் சிரிக்க வேண்டாமா? சிரித்தார்கள். செல்விக்கு அழுகையே வந்தது. விளையாட்டுதானே என்கிறவர்கள் இரண்டு வருஷம் பேசிவிட்டு, ஒருவர்கூடக் காது கொடுக்காமல் இருந்து பார்க்கட்டும், அப்போது தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அறிவிப்பு வந்தது. ஞாயிறு காலை பதினோரு மணிக்கு விளையாட்டைச் செய்தவர்களே வீடியோவில் வருவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று நிமிடம். யாருடைய ஊகம் பிடிக்கிறதோ, அதுவே இனி இல்வாரர்களின் உண்மையான வரலாறு. செல்வி ஒரே ஒரு நிமிடம் கேட்டாள்.

"மூணு நிமிஷத்துல நூத்திப்பதினாலு பக்கம் சொல்லணும் செல்வி. உன் ஏணி மேட்டரை அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றான் ஹரி.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு மாட்டுங்காவில் கரண்ட் போனது. ஹரியின் போனில் சிக்னல் புள்ளி ஒன்று வருவதும் போவதுமாக இருந்தது. செல்வியின் சந்தில் பெல்ட் பட்டறை வைத்திருக்கும் பைசானும் குழுவில் ஒருவன். "அரே பாய், செல்வி வீட்டு வைஃபை சும்மா பிச்சுக்கிட்டு ஓடும். டாக்ஸிய புடிச்சு வாடா" என்றான்.

ஹரி வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, முதுகில் லேப்டாப் பை. பைசான் கீழேயே அவன் போனில் வைஃபையைப் போட்டுக் கொடுத்தான். பிறகு ஹரி ஏணியைப் பார்த்தான். பதினோரு இரும்புப் படி, பிடித்துக்கொள்ள மேலிருந்து தொங்கும் ஒரு கயிறு.

"வேற வழி இருக்கா?"

"இருக்கு. பறந்து போவணும்" என்றாள் செல்வி.

மானப் பிரச்சினை ஆகிவிட்டது. ஹரி ஏறினான். நான்காவது படியில் கீழே பார்த்தான், அதோடு சரி. ஏணியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டான். பைசான் கூப்பிட்டான், கெஞ்சினான், காலைப் பிடித்து அடுத்த படியில் வைக்கப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது ஹரியின் பின்பாக்கெட்டில் போன் அடித்தது.

"ஹரி, கூப்பிடுதாக!"

"கையை விட்டா விழுந்துடுவேன்."

"அப்போ நான் பேசுதேன்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. "எடுத்துக்கோ. ஆனா சிறகைச் சொல்லு, ப்ளீஸ்!" என்றான் அவன் கண்ணைத் திறக்காமலே.

திரையில் மூன்று வெள்ளைக்கார முகங்கள். செல்வி இங்கிலீஷும் ஹிந்தியுமாக இரண்டு வாக்கியம் தடுமாறினாள். அப்புறம், பேசுவானேன் என்று போனை ஏணிப் பக்கம் திருப்பினாள்.

மேலே கதவு திறந்தது. அவள் அம்மா சண்முகவடிவு இடுப்பில் காலிக் குடத்தோடு வெளியே வந்தாள். "கொஞ்சம் ஒதுங்குங்க தம்பி, தண்ணி நின்னுரும்" என்றாள். தம்பி ஒதுங்குகிற நிலையில் இல்லை. அம்மா ஒரு கையில் கயிற்றைப் பிடித்து, ஹரியைச் சுற்றி ஏணியின் ஓரமாகக் கால் வைத்து, புடவை கசங்காமல் இறங்கிக் குழாயடிக்குப் போய்விட்டாள்.

மூன்று முகங்களும் வாயைப் பிளந்தன. "இல்வாரர்கள் இப்படித்தான் இருந்தார்கள்" என்றாள் செல்வி. இப்போது தடுமாற்றம் இல்லை. வேலை தேடி வந்ததையும், இடம் போதாமல் வீட்டின் மேல் வீடு எழும்பியதையும் சொல்லி முடித்தாள். ஹரி கெஞ்சியதற்காக அவன் சிறகையும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள்.

"அந்தத் தொங்குகிறவருக்குச் சிறகு உண்டா?" என்று கேட்டார் ஒருவர்.

"இருந்தால் இந்நேரம் பறந்திருப்பார் சார்."

அடுத்த மாதம் செல்வியின் ஊகமே வரலாறு ஆனது. கூடவே பழைய நகரத்தில் ஒரு சிலையும் முளைத்தது. ஓர் ஏணியின் நான்காவது படியில், கண்ணை மூடி, ஏணியைக் கட்டிப்பிடித்தபடி ஒரு கல் உருவம். உலகம் முழுக்க ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. ஏணிக் கடவுள் என்றான் ஒருவன். சாபம் வாங்கிய திருடன் என்றான் இன்னொருவன். தவம் செய்யும் அரசன் என்று பிரேசிலிலிருந்து ஒருத்தி இருபது பக்கம் எழுதினாள்.

ஹரி போன் செய்தான். "தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதே செல்வி."

பாவமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் விளையாட்டின் பொதுப் பக்கத்தில் ஒன்று விடாமல் எழுதிப் போட்டுவிட்டாள். நாலாயிரம் பேர் படித்தார்கள். அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்வி: அவர் எப்படி இறங்கினார்?

இசக்கிசெல்வி சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதையும் நிதானமாக எழுத ஆரம்பித்தாள்.