தொட்டிச் சூட்டுக்கு இரண்டு பெயர்

1

இந்தக் கதை ஒரு வெட்கத்தில் பிறந்தது. முதல் வரைவில் ‘நான்’ என்றுதான் எழுதினேன். கூச்சம் தாங்காமல் ‘அங்கமுத்து’ என்று மாற்றிவிட்டேன். இனித் தப்பெல்லாம் அவனுடையது.

1987, பள்ளிபாளையம். காவிரியின் கரையோரம், காலைப் பனி விலகும் நேரத்தில்… (நிறுத்திவிட்டேன். ஆற்றை வர்ணிக்கப் போனால் கம்ப்யூட்டர் வந்துசேர நாலு பக்கம் ஆகும்.)

சாயப்பட்டறை முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். புரோகிராம் எழுத இரண்டு பேர். முதலாளி சொல்லும் அளவுகளைப் பதிந்துகொள்ளும் பகுதி கமலவேணியுடையது. சாயம் போடுகிறவருக்குச் சீட்டு அச்சடித்துத் தரும் பகுதி அங்கமுத்துவுடையது.

“ஏனுங்க, ஒரு அளவுக்கு ரெண்டு பக்கமும் ஒரே பேரா வெச்சுக்கலாமுங்க. தொட்டிச் சூட்டுக்குச் ‘சூடு’ன்னே இருக்கட்டும். அப்பத்தான் நான் இங்க மாத்துனா உங்க சீட்டுலயும் மாறும்” என்றாள் கமலவேணி.

“ஆகட்டுங்க” என்றான் அவன்.

ஆனால் தன் பகுதியில் அந்தச் சூட்டுக்கு ‘வசந்தா’ என்று பெயரிட்டு, எண்பது டிகிரி என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தான். வசந்தாவைப் பெண் பார்த்துவிட்டு வந்த வாரம் அது. (உப்பின் அளவுக்கு அவள் தங்கை பெயர். சிரிக்காதீர்கள்.) அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டவன், விட்டவன்தான்.

2

புதுச் சாயம் வந்தது. அதற்கு அறுபது டிகிரி போதும். கமலவேணி ‘சூடு’ என்பதை அறுபதாக்கினாள். வசந்தா எண்பதிலேயே நின்றாள். சீட்டிலும் எண்பதே அச்சானது. இருபது வருடமாகச் சாயம் போடும் பொன்னன் சீட்டுப்படியே காய்ச்சினார். நீலநூல் அத்தனையும் வெளிறிப்போயிற்று. சீட்டோ தொட்டித் தண்ணீரில் ஊறிக் கூழாகியிருந்தது.

“கம்ப்யூட்டர்ல அறுபதுன்னுதான் பதிஞ்சிருக்குது. கம்ப்யூட்டரு தப்புப் பண்ணுமா? நாளையிலிருந்து நீ வராத” என்றார் முதலாளி பொன்னனிடம்.

அங்கமுத்து புரோகிராமைத் திறந்து பார்த்தான். உண்மையைச் சொன்னால் பட்டறையே வசந்தா பேரைச் சொல்லிச் சிரிக்கும். சத்தமில்லாமல் பெயரைச் ‘சூடு’ என்று மாற்றிவிட்டு வெளியே வந்தான்.

3

முதல் முடிவு: அவன் முதலாளியிடம் ஓடிப்போய் ஒப்புக்கொண்டான். (அவ்வளவு நல்லவனாக அவனை நான் எழுதவில்லையே.)

இரண்டாம் முடிவு: கமலவேணி கண்டுபிடித்து… (வேண்டாம். என் வேலையை அவள் தலையில் கட்டுவதாகும்.)

நடந்தது இதுதான். பஸ் நிறுத்தத்தில் பொன்னன் சோற்றுத் தூக்குப்போசியோடு நின்றிருந்தார்.

“சாமி, நீங்க படிச்சவரு. சீட்டுல அறுபதுன்னு இருந்ததை நாந்தான் எம்பதுன்னு பார்த்துட்டனுங்களா? என்ற கண்ணு போயிருச்சுங்களா?”

அங்கமுத்து வாயைத் திறந்தான்.

பத்து நாளாக இந்த வரியிலேயே நிற்கிறேன். அடுத்ததை நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம்; பொன்னன் ஏறவேண்டிய மல்லசமுத்திரம் பஸ் வளைவில் திரும்பிவிட்டது.