பத்து அட்டையிலும் பட்டாம்பூச்சி

டாக்டர் ருமானா அட்டைகளை எடுத்து மேசைமேல் வைப்பதற்கு முன்பே ஜீவன் பதிலைத் தயாராக வைத்திருந்தான்.

அவன் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுபவன். மூன்று மாதத்துக்கு முன் இடப்பக்கம் திரும்பும்போது ஒரு மோட்டார் சைக்கிள்காரர் டிரெய்லருக்கு அடியில் மாட்டிக்கொண்டார். உயிர் பிழைத்தார், ஒரு கால் போய்விட்டது. போலீஸ் விசாரணையில் ஜீவன்மேல் தப்பில்லை என்றாகிவிட்டது. ஆனாலும் மனநல நிபுணரின் கடிதம் இல்லாமல் லோரிச் சாவி கிடையாது என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. அந்தக் கடிதத்துக்காகத்தான் மூன்று மாதத் தாடியோடு பிரிக்பீல்ட்ஸில் ருமானாவின் கிளினிக்குக்கு வந்திருந்தான். தாடியைப் பற்றிக் கேட்டவர்களிடம் எல்லாம் பத்துமலை முருகனுக்கு வேண்டுதல் என்று சொல்லிவைத்திருந்தான்.

பதிலைச் சொல்லிக் கொடுத்தவன் கூட்டாளி பழனியப்பன். அவனும் லோரிக்காரன், அவனும் ஒரு விபத்தில் மாட்டியவன். "மைக்கறையா காட்டுவாங்க. எதக் காட்டினாலும் பட்டாம்பூச்சின்னு சொல்லிடுலா. ரத்தம், பேய், எலும்பு, ஒண்ணும் வாயில வரக்கூடாது. நான் அப்படித்தான் பாஸ் பண்ணேன்."

பாஸ் பண்ணிய அந்த மகாராசன் அன்றிலிருந்து பண்டமாரானில் ஒரு ரவுண்டபவுட் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. ஊரைச் சுற்றிக்கொண்டு போவான். லோரி யார்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களே தவிர, ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

முதல் அட்டை வந்தது. "பட்டாம்பூச்சி."

இரண்டாவது. "இதுவும் பட்டாம்பூச்சிதான் டாக்டர். வேற ஜாதி."

சிவப்பு கலந்த அட்டை வந்தபோது ஏர்கோனைப் பார்த்துக்கொண்டே பட்டாம்பூச்சி என்றான். பத்து அட்டை முடிவதற்குள் அந்தச் சின்ன அறையில் ஒரு பட்டாம்பூச்சிப் பண்ணையே பறந்தது. ருமானா முகம் மாறாமல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

"அண்ணே, பத்துலயும் பட்டாம்பூச்சி பாத்தவங்க இந்த வருஷம் நீங்க மூணாவது ஆளு. மூணு பேரும் போர்ட் லோரிக்காரங்கதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவனுக்குக் காது சுட்டது. கடிதம் போச்சு என்று நினைத்தான்.

"பயப்படாதீங்க. வேலை போயிடுமோன்னு பயந்தா யாரும் அப்படித்தான் சொல்வாங்க. இதுல பாஸ், ஃபெயில் ஒண்ணும் இல்ல."

"அப்போ இத வெச்சு என்னாதான் கண்டுபிடிப்பீங்க?"

"இத மட்டும் வெச்சா? ஒண்ணும் முடிவு பண்ண மாட்டேன். பேச ஆரம்பிக்க ஒரு வழி, அவ்வளவுதான்."

மண்டைக்குள் இருப்பதை எக்ஸ்ரே எடுத்துவிடுவாள் என்று பயந்து வந்தவன் அவன். எனக்குத் தெரியாதது இவ்வளவு என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்கிற ஒரு படித்தவரை அவன் அதுவரை பார்த்ததில்லை. மரியாதை தானாக வந்தது.

அவள் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். "உங்க லோரிய வரைங்க."

இதற்குப் பழனியப்பன் பதில் சொல்லித் தரவில்லை. ஆனால் லோரி வரைய ஜீவனுக்கு யார் சொல்லித் தர வேண்டும்? பம்பர், விளக்கு, முன்கண்ணாடியில் வேல் ஸ்டிக்கர், டயருக்கு அடியில் வைக்கும் எலுமிச்சம்பழம் என்று குஷியாக வரைந்தான்.

ருமானா அதை நெடுநேரம் பார்த்தாள். "அழகா இருக்குண்ணே. வலது பக்கக் கண்ணாடியில இருக்கிற கீறலக்கூட விடல. இடது பக்கம்?"

அட, மறந்துவிட்டேன் என்று பென்சிலை எடுத்தான். பென்சில் தாளுக்கு மேலே நின்றது, இறங்கவில்லை.

வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் ஒரு விளக்கம் சொல்லித் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டியிருப்பார்கள். அவள் பேனாவை மூடி வைத்தாள். சும்மா இருந்தாள். அப்படிச் சும்மா இருக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

"பாத்தேன் டாக்டர்," என்றான் கடைசியில். "அந்தக் கண்ணாடியப் பாத்துட்டுத்தான் திருப்பினேன். சத்தியமா யாரும் இல்ல. இப்போ எந்தக் கண்ணாடியப் பாத்தாலும் யாரோ வந்துகிட்டே இருக்காங்க. ஷேவ் பண்ணக்கூட முடியல. வீட்டுல சம்சாரம் வாணிகிட்ட வேண்டுதல்னு பொய் சொல்லியிருக்கேன். முருகன் பேர்ல பொய்."

அழுதான். அவள் டிஷ்யூ பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"அண்ணே, நாளைக்கே சாவியக் குடுத்தா எடுப்பீங்களா?"

"வேணாம் டாக்டர்."

வாய் முந்திக்கொண்டது. எதற்காக இத்தனை பட்டாம்பூச்சி விட்டானோ, அதையே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

"சரி. இப்போதைக்கு வேணாம்னு எழுதுறேன். அந்த 'இப்போதைக்கு' கம்பெனிக்கு நல்லாப் புரியற மாதிரி எழுதுறேன். வாரா வாரம் வாங்க. அந்தக் கண்ணாடிய ரெண்டு பேரும் சேந்து மாட்டுவோம்."

கீழே சாப்பாட்டுக் கடையில் தே தாரேக் வாங்கி வைத்துக்கொண்டு பழனியப்பன் காத்திருந்தான்.

"பாஸா?"

"இல்ல."

"பட்டாம்பூச்சி சொல்லலியா?"

"பத்துக்கும் சொன்னேன்லா."

ஜீவன் எல்லாவற்றையும் சொன்னான். லோரியை, இல்லாத கண்ணாடியை, தாடியை. பழனியப்பன் சிரிப்பான், நாளைக்கு யார்ட் முழுக்கப் பரப்புவான் என்று நினைத்தான். பரவட்டும் என்றிருந்தது.

பழனியப்பன் சிரிக்கவில்லை. தேநீரில் ஆடை படிந்துவிட்டது. அவன் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜீவா, அந்த டாக்டர் எத்தன மணி வரைக்கும் இருப்பாங்க?"