கைச்சோதனை

பொழுது விடிவதற்குள் வாயாடியின் விரல்கள் கறுத்துப் பிசுபிசுத்தன. பசுமைக்குடிலின் பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் இரவுப் புழுக்கம் இன்னும் அடைந்து கிடந்தது. தக்காளிச் செடிகளில் பக்கவாட்டில் முளைத்த கொழுந்துகளைக் கிள்ளி எறிந்துகொண்டே நகர்ந்தாள். அந்தச் சாற்றின் கசப்பு சோப்புக்கும் போகாது. சாப்பிடும்போது நாக்கில் நிற்கும்.

பக்கத்து வரிசை அவளுடைய நாத்தனாருக்கு. அங்கேதான் இலைகள் தேமல் கண்டு சுருண்டன, பழங்களில் பழுப்புத் தழும்பு விழுந்தது. போதாதா? நோயைக் கொண்டுவந்தவளே அவள்தான் என்று முதலாளி கண்டுபிடித்துவிட்டார். ஒரு கொழுந்தைக்கூடக் கிள்ளியறியாத மகா மேதை அல்லவா!

நோயைச் சாக்காக வைத்து எல்லார் கூலியையும் ஏற்கெனவே குறைத்தாயிற்று. இன்றைக்குச் சோதனையாம். கைகளைப் பஞ்சால் துடைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோவார்களாம். எவர் கையில் கிருமியோ அவர் செடியைத் தொடக்கூடாதாம், அவருக்கு வேலையும் இல்லையாம். அவரவர் வரிசை அவரவருக்கு என்பதால் அகப்படப்போவது நாத்தனார் ஒருத்திதான். கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டில் ஒண்டியிருப்பவளுக்கு இந்த வேலையை விட்டால் வேறு கதியில்லை. முடிவு வரும்வரைகூடப் பொறுக்காமல் முதலாளி அவளை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்.

ஆய்வகத்துப் பெண் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தாள்.

"ஏம்மா, நோயை யார் கொண்டாந்தாங்கன்னு இதுல தெரியுமா?" என்றாள் வாயாடி.

"தெரியாதுக்கா. கிருமியோட மரபணு இருக்கா இல்லையான்னுதான் தெரியும். விதையிலேருந்தும் வரும். விதையையும் சோதிக்கணும்னு அப்பவே சொன்னேன்."

"உன்னைக் கூப்பிட்டது கையைத் துடைக்க. வாயைத் திறக்க இல்ல," என்றார் முதலாளி.

விலை சல்லிசு என்று அவரே பேரம் பேசி வாங்கிய விதை அது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வாயாடி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. விறுவிறுவென்று நாத்தனாரின் வரிசைக்குள் போனாள். தேமல் இலைகளை மடி நிறையப் பறித்துக்கொண்டு வந்து, எல்லார் முன்னாலும் உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாள். பச்சைச் சாறு மணிக்கட்டு வரை வழிந்தது.

கொடி கட்டும் நெட்டை ஒரு கணம் விழித்தான். பிறகு கையை நீட்டினான். "எனக்கும் ரெண்டு குடுக்கா."

அப்புறம் கூடை சுமப்பவர்கள், தண்ணீர் விடுபவர்கள் என்று எல்லாரும் வாங்கிக் கசக்கினார்கள்.

"அறிவிருக்கா உங்களுக்கு? என்ன பண்றீங்க?" முதலாளியின் குரல் கீச்சிட்டது.

"சோதனைக்குத் தயாராகுறோம் முதலாளி. துடைச்சுப் பாருங்க, எல்லார் கையிலயும் கிருமிதான். எல்லாரையும் அனுப்பிடுங்க."

"லாரி வந்து நிக்குது! பழத்தை யார் பறிக்கிறது?"

"நோயுள்ள கை செடியைத் தொடக்கூடாதுன்னு சொன்னது நீங்கதானே? நாங்க எப்படித் தொடுவோம்?" என்றான் நெட்டை.

"விதையைச் சோதிக்கச் சொல்லுங்க. கூலியைப் பழையபடி குடுங்க. அவளையும் உள்ள கூப்பிடுங்க," என்றாள் வாயாடி. "அதுவரைக்கும் இப்படித்தான் உக்காந்திருப்போம்."

"பார்க்கலாம், எத்தனை நாளைக்குன்னு!" என்று செல்போனை எடுத்துக்கொண்டு காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார் அந்தச் சூரர். வேறு ஆள் பிடிப்பாரோ, போலீசைக் கூப்பிடுவாரோ, யாருக்குத் தெரியும்? பயம் எல்லாருக்கும் இருந்தது. ஆனாலும் குடில் வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

வெளியே தனியாக நின்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணி," என்றாள். "எனக்கும் எடம் வேணும்."