ஏணி நின்ற இடங்கள்

இரண்டு பெயின்டர்கள் வீடு மாறிப் போய், யாரோ ஒருத்தியின் வீட்டுக்குப் பச்சை அடித்துவிட்டு வருகிறார்கள். அதுதான், எல்லோரும் தம்பி என்று கூப்பிடும் டைரக்டர் எடுத்த முதல் படம். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இரண்டாம் பாகத்தில் அதே இருவரும் அந்த வீட்டைப் பழைய நிறத்துக்கே மாற்றிக் கொடுக்கப் போகிறார்கள். பழைய நிறம் என்னவென்று ஒருவருக்கும் நினைவில்லை. படம் முழுக்க அதைக் கேட்டுக் கேட்டு அலைகிறார்கள். படம் படுத்துவிட்டது.

ஏன் படுத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. முதல் பாகத்தில் ஜனங்கள் சிரித்த சிரிப்பில் அடுத்த வசனம் ஒன்றுமே காதில் விழவில்லை. தியேட்டர் தியேட்டராகப் போய் அதைப் பார்த்த தம்பி, இரண்டாம் பாகத்தில் ஒவ்வொரு ஜோக்குக்குப் பின்னாலும் சிரிக்க இடம் விட்டான். எடிட்டிங் செய்தது அவனுடைய அக்கா.

"இவ்வளவு இடமாடா விடுவாங்க?"

"சிரிச்சு முடிக்க வேண்டாமாக்கா?"

ஜனங்கள் சிரிக்கவில்லை. விட்ட இடமெல்லாம் வெறுமனே கிடந்தது. நெட்டைப் பெயின்டராக நடித்த நண்பரை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த இடங்களில் அவர் பேசாமல் நிற்பார். பிறகு மெல்லக் கண்ணை உயர்த்தி, கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் தம்பியைப் பார்ப்பார். போதுமா, இன்னும் நிற்கணுமா என்று கேட்கிற பார்வை.

என்னைக் கேட்டால் அந்தப் பார்வைதான் படமே. தப்புச் செய்கிறவனைப் பார்த்து யாரும் சிரித்துவிடலாம். தப்பைச் சரிசெய்யக் கிளம்பி, எது சரி என்பதே மறந்துபோய் நிற்கிறவனைப் பார்த்தால் சிரிப்பு உடனே வராது. கொஞ்சம் பொறுத்துத்தான் வரும்.

ஏணி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. தம்பிக்குப் பக்கவாதம் வந்து, வலப்பக்கமும் பேச்சும் போயின. அப்படி இருக்கையில்தான் ஒரு திரைப்படச் சங்கத்தின் செயலாளர் வீடு தேடி வந்து, இரண்டாம் பாகத்தைத் திரையிடப் போகிறோம் என்றார். தம்பி இடக்கையால் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த ஏணியின் போட்டோவையே பார்த்தான். அவளுக்குப் புரிந்தது. ஏணி நிற்பதை அவன் இன்னொரு தரம் பார்க்க வேண்டும். பிலிம் கழுவும் லேப் மூடியபோது அங்கே இருந்த பிலிம் எல்லாம் போய்விட்டது. அலமாரியில் இருந்த ஒரே வீடியோ டேப்பை எடுத்துக் கொடுத்தாள்.

திரையிடும் நாளன்று மதியம், தம்பியை வீல்சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். அரங்கம் சின்னதுதான், உள்ளே எல்லாம் இளவட்டங்கள். செயலாளர் வாசலிலேயே பல் தெரியச் சிரித்தபடி நின்றார். அக்காவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஒரு நல்ல சேதிம்மா. நடுவுல நடுவுல படம் சும்மா நிக்குதில்ல, அதையெல்லாம் தூக்கிட்டேன். இப்ப பாருங்க, பறக்கும்."

"தூக்கின துண்டெல்லாம் எங்க?"

"கம்ப்யூட்டர்ல வெட்டினது, துண்டுன்னு ஏதும்மா? பழசு மேலேயே சேவ் பண்ணிட்டேன்."

"டேப்பு?"

"அது ஒரே ஓட்டத்துல சிக்கி அறுந்துடுச்சு. நல்லவேளை, அதுக்குள்ள ஏத்திட்டேன்."

திட்டலாம் என்றால் மனுஷன் ஆசை ஆசையாகச் செய்திருக்கிறார். தம்பியிடம் சொல்லாமலே வீல்சேரை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

விளக்கு அணைந்தது. திரையில் ஏணி, வீட்டுக்காரியிடம் பழைய நிறம் என்னவென்று கேட்கிறார். "நான் உள்ளேயே இருந்தவ. எனக்கென்ன தெரியும்?" என்கிறாள் அவள். அரங்கம் வெடித்தது. இத்தனை காலம் வராத சிரிப்பு. "வெளியே நின்னவன் நான்தான், எனக்கே தெரியலையே" என்று ஏணி தணிந்த குரலில் சொல்வது அந்தச் சிரிப்பில் முழுகிப் போயிற்று.

தம்பி இடக்கையைத் தூக்கினான், உள்ளங்கை திரையைப் பார்க்க. படப்பிடிப்பில் ஏணியை அப்படித்தான் நிறுத்தி வைப்பான். திரையில் ஏணி நிற்காமல் நடந்து போனார். அடுத்த ஜோக்குக்கும் கை எழுந்தது. அதற்கடுத்ததற்கும்.

"ஐயா, கை மறைக்குது" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

அக்கா இருட்டில் தடவித் தடவிச் செயலாளரிடம் போனாள். "நிறுத்தி நிறுத்திப் போடுங்க."

"எங்கெங்கம்மா? எவ்வளவு நேரம்?"

வெட்டி ஒட்டினவள் அவள்தான். அவளுக்கே ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "அவன் கையைப் பாருங்க. தூக்கினா நிறுத்துங்க" என்றாள்.

அடுத்த ஜோக் வந்தது. கை எழுந்தது. செயலாளர் நிறுத்தினார். கண் பாதி மூடி, வாய் கோணியபடி ஏணி திரையில் உறைந்துபோனார். அந்தக் கோலத்துக்கும் சேர்த்து எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தார்கள். யாரோ இருமினார்கள். தம்பி காத்திருந்தான். அந்தக் கண் உயரவில்லை.

"போதுமாம்மா? ஓட விடவா?" என்றார் செயலாளர்.

தம்பி கையை இன்னும் இறக்கவில்லை. அக்கா போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அது விழுந்துவிடாமல் முழங்கைக்கு அடியில் தன் கையை வைத்துத் தாங்கிக்கொண்டாள்.